முறை உண்டு, கிணறு இல்லை: டைம்ஷேர் வாங்குவதில் உள்ள வரவும் செலவும்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் என் மாமாவுக்கு இருக்கும் தோட்டத்தின் கிரயப் பத்திரத்தில் இப்படி ஒரு வரி வரும்: “மேற்படி பூமியிலுள்ள கிணற்றில் 3ல் 1 பாகமும், அதிலுள்ள 5 எச்.பி. மின் மோட்டார் சர்வீஸில் 3ல் 1 பாகமும், மாமூல் தடத்தில் வண்டி வாகனாதிகள் போக வரப் பாத்தியமும்.” மூன்று பங்காளிகளுக்கு ஒரே கிணறு. ஆளுக்கு இரண்டு நாள் முறை. தன் முறையில் கரண்ட் போனால் போனதுதான், அடுத்தவர் முறையில் கை வைக்க முடியாது. மோட்டாரில் காயில் கருகினால் செலவு மூன்றாகப் பிரியும். தூர் வாரினாலும் அப்படியே.

முறை வைத்து ஒன்றை அனுபவிப்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. கீழ்பவானிப் பாசனமே அப்படித்தான் ஓடுகிறது. 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டை மதகு வாரியாக ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, பாதிக்கு ஒரு போகமும் மறுபாதிக்கு அடுத்த போகமும் தண்ணீர் விடுகிறார்கள். ஆகவே 2013இல் டைம்ஷேர் விற்கும் ஒருவர், “மலையில் ஒரு வீடு, வருடத்தில் ஒரு வாரம் உங்கள் முறை” என்று சொன்னபோது மாமாவுக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. கிணற்றுப் பங்கு மாதிரிதானே என்றார். அந்த ஒப்பீட்டில்தான் சிக்கலே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அழைப்பு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கோவையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்ட கையோடு கொடுத்த கூப்பனில் பெயர், போன் எண், கார் இருக்கிறதா, மாத வருமானம் எவ்வளவு என்றெல்லாம் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் போன். பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இருவரும் என்பதில் அழுத்தம் இருந்தது. தனியாக வரும் ஆண் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று தப்பித்துவிடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவிநாசி ரோட்டில் ஓர் ஓட்டல் ஹால். கார் ஓட்டிப்போன பாவத்துக்கு நானும் உள்ளே உட்கார்ந்தேன். வட்ட மேஜைகள், மேஜைக்கு ஒரு டை கட்டிய தம்பி, மூலையில் குழந்தைகளுக்குக் கலர் பென்சில். எங்கள் மேஜைத் தம்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மாமாவின் வாயாலேயே கணக்கைச் சொல்ல வைத்தார். வருடம் ஒரு டூருக்கு 30,000 ரூபாய் ஆகுமா? ஆகும். வருடா வருடம் 8 சதவீதம் விலை ஏறுமா? ஏறும். அப்படியானால் 25 வருடத்தில் ஏறக்குறைய 22 லட்சம். அதன் கீழே 3.75 லட்சம் என்று எழுதி, வட்டம் போட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கணக்கில் பிழையில்லை. அந்தத் தாளில் ஒரே ஒரு எண்தான் இல்லை. அது வருடா வருடம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம்.

அத்தை ஒரு கேள்விதான் கேட்டார். “பத்திரம் எந்த ஆபீஸில் பதிய வேண்டும், தம்பி?”

தம்பி சிரித்தார். “பத்திரம் எல்லாம் இல்லை மேடம், இது மெம்பர்ஷிப்.”

அந்த நேரம் பார்த்து அடுத்த மேஜையில் யாரோ கையெழுத்துப் போட, மைக்கில் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள். மானேஜர் ஒருவர் வந்து, இன்று மட்டும் என்று 3.1 லட்சத்துக்கு இறக்கினார். கைதட்டலில் அத்தையின் கேள்வி அமுங்கிப்போனது. பரிசாகக் கிடைத்த ‘3 நாள் 2 இரவு’ கூப்பன் சனி, ஞாயிறுகளில் செல்லாது என்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தோம்.

டைம்ஷேர் பிறந்த இடம் ஐரோப்பா. 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம், விடுமுறை வீடுகளைப் பலர் சேர்ந்து வாங்கி முறைவைத்துத் தங்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதே பத்தாண்டில் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் இந்த யோசனை வேர்விட்டது. 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்து புளோரிடாவில் கட்டிய அடுக்குமாடிகள் விலைபோகாமல் நின்றபோது, முழு வீடு விற்காவிட்டால் வாரம் வாரமாக விற்கலாமே என்று அமெரிக்கக் கட்டுமானக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் உள்ள வாரத்தை இன்னோர் ஊர் வாரத்தோடு மாற்றிக்கொடுக்கும் ஆர்சிஐ நிறுவனம் 1974இல் இண்டியானாபொலிஸில் தொடங்கியது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தது சென்னையில் 1986இல் பிறந்த ஸ்டெர்லிங். கொடைக்கானலும் ஊட்டியும் அதன் தொடக்க கால ஊர்கள். 1996இல் மஹிந்திரா ஹாலிடேஸ் வந்தது. ஸ்டெர்லிங் 2014இல் தாமஸ் குக் இந்தியாவின் கைக்குப் போனது.

இதில் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவில் பல இடங்களில் அந்த ஒரு வாரத்துக்கே பத்திரம் பதிவாகும். அது அசையாச் சொத்து, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலும் விற்பது இரண்டாம் வகை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, வழக்கமாக 25 ஆண்டுகளுக்கு, தங்கிக்கொள்ளும் உரிமை மட்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பட்டா கிடையாது, வில்லங்கம் போட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. கட்டடமும் நிலமும் நிறுவனத்துடையது. சில இடங்களில் நிறுவனமே அந்தக் கட்டடத்தைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கும்.

வருமான வரித் தீர்ப்பாயத்தின் சென்னை சிறப்பு அமர்வு 2010இல் மஹிந்திரா ஹாலிடேஸ் வழக்கில் சொன்னது இங்கே பொருந்தும். உறுப்பினர் கட்டும் தொகை முழுவதையும் முதல் ஆண்டின் வருமானமாக வைத்து வரி போட வேண்டியதில்லை, ஏனென்றால் அதற்கு ஈடான சேவையை நிறுவனம் பல ஆண்டுகளுக்குச் செய்தாக வேண்டிய கடமை நிற்கிறது என்றது அந்தத் தீர்ப்பு. 2018 ஏப்ரலில் வந்த புதிய கணக்கியல் விதிக்குப் பிறகு இந்த வருவாயை ஒப்பந்த காலம் முழுவதும் பரப்பித்தான் புத்தகத்தில் எழுதுகிறார்கள். கணக்குப்பிள்ளையின் கண்ணில் நீங்கள் கொடுத்தது 25 வருட அறை வாடகைக்கான முன்பணம். அத்தை கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. முறை உங்களுடையது, கிணறு அவர்களுடையது, தூர் வாரும் செலவில் மட்டும் உங்களுக்கும் பங்கு.

அந்த முன்பணம் மலிவா, கிராக்கியா என்று பார்ப்போம். இன்றைக்கு ஒருவர் 4.5 லட்சம் கொடுத்து வாங்குகிறார், ஆண்டுப் பராமரிப்பு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணக் கணக்கு, உங்கள் கையில் உள்ள தாளின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வழக்கப்படி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 4.5 லட்சத்துக்கு வருடம் 54,000. அதோடு 20,000 சேர்த்து ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு 10,570 ரூபாய். கைமாற்று வட்டி வேண்டாம், வங்கி டெபாசிட்டின் 7 சதவீதமே போதும் என்பவருக்கு, அசல் 25 வருடத்தில் கரைவதையும் சேர்த்துத் தவணைபோலக் கணக்கிட்டால் ஓர் இரவு 8,370 ரூபாய் வரும். இதில் சாப்பாடு இல்லை. பராமரிப்புக் கட்டணத்தின் மேல் வரும் ஜிஎஸ்டியையும் சேர்க்கவில்லை. ஏழு இரவில் நாலு இரவுதான் போக முடிந்தது என்றால் அதே கணக்கு இரவுக்கு 14,650 ஆகிவிடும். பராமரிப்பு வருடம் 6 சதவீதம் ஏறினால் பதின்மூன்றாம் வருடம் அது 40,000. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் 80,000.

ஓட்டல் வாடகையும்தான் ஏறும் என்று விற்பவர் சொல்வது நியாயம்தான். வித்தியாசம் என்னவென்றால், ஓட்டல் வாடகை பிடிக்கவில்லை என்றால் அந்த வருடம் வீட்டிலேயே இருந்துவிடலாம். பராமரிப்புக் கட்டணத்துக்கு அந்த வசதி கிடையாது. போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முதலில் புக்கிங் அடைபடும், பாக்கி வட்டியோடு ஏறும்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி நாள். ஆண்டை நிறம் நிறமாகப் பிரித்திருப்பார்கள். ஆர்சிஐ வழக்கப்படி சிவப்பு உச்சம், வெள்ளை நடுத்தரம், நீலம் ஆள் வராத காலம். சில நிறுவனங்கள் சிவப்புக்கும் மேலே ஊதா என்று ஒன்றை வைத்திருக்கின்றன. மேல் நிறத்துக்கு விலை அதிகம், கீழ் நிறம் வாங்கியவர் மேல் நிற நாட்களில் கேட்க முடியாது. விலையைக் கேட்டு மலைத்துப்போன குடும்பங்கள் நடுவிலோ கடைசியிலோ உள்ள நிறத்தை எடுக்கின்றன. எடுத்த பிறகுதான் காலண்டரைப் பார்க்கின்றன.

கொங்கு நாட்டுக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகள் முழுதாக மூடுவது தீபாவளியை ஒட்டித்தான். மொத்த ஊருக்கும் ஒரே வாரம் லீவு, மொத்த ஊரும் ஒரே மலையை நோக்கிக் கிளம்பும். படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மே மாதம்தான் கதி. மஞ்சள் போட்டவர் தை தொடங்கிப் பங்குனி வரை அறுவடை, வேகவைப்பது, காயவைப்பது என்று நகர முடியாது. மாடு வைத்திருப்பவருக்கு எந்த மாதமும் லீவு இல்லை, இரண்டு வேளையும் பால் கறக்க ஆள் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதற்கு நடுவில் முகூர்த்தங்கள். நல்ல ரிசார்ட்டுகளில் சீசன் அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்னாலேயே பதிய வேண்டும், ஆனால் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதே ஒன்றரை மாதத்துக்கு முன்புதான். ரிசார்ட் புக்கிங்குக்காகச் சீர் செய்யப் போகாமல் இருந்த மாமனை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேலே இப்போது இ-பாஸ் வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. 25 வருடத்துக்கு அறை வாங்கி வைத்திருப்பவரும் மேட்டுப்பாளையம் தாண்டக் கல்லாறில் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதில் நன்மையே இல்லை என்றால் அது பொய். எங்கள் மாமா கடைசியாகத் தன் செலவில் மலையேறியது கல்யாணமான புதிதில். பிறகு தோட்டம், கடன், பிள்ளைகள் படிப்பு. பணம் இல்லாமல் இல்லை, சும்மா செலவு செய்ய மனம் வராது. கட்டிய பணம் வீணாகிறதே என்ற எரிச்சல்தான் அவரை வருடம் ஒருமுறை காரில் ஏற்றியது. அத்தையைக் கேட்டால், 3.1 லட்சம் கொடுத்துத் தன் புருஷனுக்கு லீவு வாங்கினேன் என்பார். கைக்காசு கொடுத்துக் கட்டாயத்தை வாங்குவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். சீட்டுக் கட்டி நகை சேர்க்கும் ஊரில் அது ஒன்றும் புதிதில்லை.

அடுத்தது இடம். ஓட்டல் அறையில் இரண்டு கட்டில் போட்டால் கதவு திறக்காது. டைம்ஷேர் ரிசார்ட்டுகளின் படுக்கையறை தனி, கூடம் தனி என்ற வீட்டமைப்பு, மாமியார், நாத்தனார், பேரன் என்று ஆறு பேராகப் போகும் குடும்பத்துக்கு உண்மையிலேயே வசதி. சின்னதாகச் சமையல் மேடையும் இருந்தால் அத்தை அரிசியும் பருப்பும் கட்டி எடுத்துப் போய்விடுவார். குளிரில் சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும். ரிசார்ட் உணவகத்தில் நாலு பேர் காலைப் பலகாரம் சாப்பிடும் காசுக்கு இரண்டு நாள் சமையல் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. லீவுக்குப் போன இடத்திலும் சமைப்பது யார் என்ற கேள்வியை நான் கேட்டேன், பதிலுக்கு ஒரு முறைப்புதான் கிடைத்தது. எல்லா இடத்திலும் அந்த மேடை இல்லை, இருக்கும் இடத்திலும் அடுப்பு இல்லாமல் மைக்ரோவேவ் மட்டும் வைத்திருப்பார்கள். கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், ஓய்வு பெற்றவர்களுக்கு என்பேன். நாள் அவர்கள் கையில். ஆடியில் முகூர்த்தம் இல்லை, போட்டியும் குறைவு. அவர்கள் நீலத்தை வாங்கி நிம்மதியாக இருக்கலாம். ஆனால் 60 வயதில் 25 வருட ஒப்பந்தம் என்பது 85 வயதுவரை மலையேறும் உறுதிமொழி. விற்பனை மேஜையில் தம்பி அந்தக் கூட்டலை மட்டும் போட்டுக் காட்டுவதில்லை.

வெளியே வருவதுதான் எல்லாவற்றிலும் கடினம். கிணற்றுப் பங்கை விற்க வேண்டுமென்றால் பூமியோடு சேர்த்து விற்கலாம், பக்கத்துப் பங்காளியே வாங்கிக்கொள்வார். டைம்ஷேருக்குச் சந்தையே இல்லை. நிறுவனம் திரும்ப வாங்காது, வேறொருவர் பெயருக்கு மாற்றக் கட்டணம் கேட்கும். ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தால் நீங்கள் கட்டிய தொகை சேர்க்கைக் கட்டணம், உரிமைக் கட்டணம் என்று இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும். பாதியில் விலகினால் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதில் மீதமிருக்கும் வருடங்களுக்கு உரிய துண்டுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கொண்டுவந்த விதியில் கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அதுவரை ஒரு காசு முன்பணம் வாங்கக் கூடாது, டைம்ஷேரை முதலீடு என்று சொல்லி விற்கவும் கூடாது. இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்திலேயே 10 நாள் போல விலகும் அவகாசம் தருகிற நிறுவனங்கள் உண்டு. அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஹாலிலேயே காட்டச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் ஓடத் தொடங்குவது அன்றைக்கே.

விற்க முடியாமல் தவிப்பவர்களைத் தேடி இன்னொரு கூட்டம் வரும். “உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் தயார், பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் அனுப்புங்கள்” என்று போன் வந்தால் அங்கேயே துண்டித்துவிடலாம். இது உலகம் முழுக்க உள்ள தொழில். மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ போதைக் கும்பல் அமெரிக்க முதியவர்களிடம் இதே வித்தையைக் காட்டியதற்காக, அதோடு தொடர்புடையவர்கள் மீது அமெரிக்க நிதித்துறை 2024 ஜூலையில் தடை விதித்தது.

தங்குவதற்குப் பதிலாகப் பணம் திரும்பத் தருகிறோம் என்று சொல்லும் அறைத் திட்டங்கள் டைம்ஷேரே இல்லை, அவற்றைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் ‘அறை இரவுகள்’ என்ற பெயரில் 51 லட்சம் பேரிடம் 7,035 கோடி ரூபாய் திரட்டியது. இது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2016 பிப்ரவரியில் முடிவாக உத்தரவிட்டது. பெருந்துறை ஈமு கோழி முதலீட்டு மோசடியை 2012இலும், அதற்கு முன் திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடியையும் பார்த்த ஊருக்கு இதன் வாடை தெரியும். பாசி வழக்கில் இயக்குநர்கள் இருவருக்குக் கோவை நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் 27 ஆண்டு சிறை விதித்தது. முறையான டைம்ஷேர் நிறுவனத்தை இவற்றோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். ஆனால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் தம்பி “முதலீடு” என்ற சொல்லை எடுத்த நொடியில் காது கூர்மையாக வேண்டும்.

ஏமாந்ததாகத் தோன்றினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல வழி கொடுத்திருக்கிறது. நிறுவனம் சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, அதாவது ஈரோட்டிலோ கோவையிலோ நாமக்கல்லிலோ, புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு வருடம். ஹாலில் வாயால் சொன்னதெல்லாம் அங்கே எடுபடாது. அந்த வெள்ளைத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. எங்கள் மேஜைத் தாளைத் தம்பி பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாமாவுக்கு இன்னும் ஒப்பந்தத்தில் பாதிக் காலம் மீதமிருக்கிறது. இந்த வருடம் கிணற்று மோட்டாரில் காயில் போனதும் பராமரிப்புக் கட்டண ரசீது வந்ததும் ஒரே வாரத்தில். இரண்டையும் கொடுத்துவிட்டு மாமா நோட்டை எடுத்து, தோட்டக் கணக்குப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். அத்தை எட்டிப் பார்த்து, காயிலுக்குக் கொடுத்தது அங்கேயே இருக்கட்டும், மற்றதைக் கோயில், கல்யாணம், மொய் எழுதும் பக்கத்துக்கு மாற்றுங்கள் என்றார். மாமா அடித்துவிட்டு மாற்றி எழுதினார். ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள் ஏற்காட்டில் அறை கிடைத்திருக்கிறது. மழை இருக்கும், இரண்டு கம்பளி எடுத்து வை என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்.